பூங்கொடி சொல்லாமல் விட்ட வார்த்தை

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை, மறையூரில், செத்துப்போன ஒரு பெண்ணின் கையால் டீ வாங்கிக் குடித்தேன்.

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவள் செத்துப்போனாள் என்பதற்கு நானே சாட்சி. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவள் பிறந்த ஊரான வடகரப்பதியில், அவள் கருமாதிச் சாப்பாட்டை இலை போட்டுச் சாப்பிட்டவன். இரண்டு பொரியல், கூட்டு, வடை. ரசம் நன்றாக இருந்தது என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதுகூட ஞாபகம் இருக்கிறது.

அவள் என் சித்தப்பா மகள். பெயர் பூங்கொடி. கோயமுத்தூரில் காலேஜ் படித்தாள். கூடப் படித்த செல்வினைக் காதலித்தாள். செல்வின் இடுக்கி எஸ்டேட் பையன், அம்மா கொழுந்து பறிப்பவர், கிறிஸ்தவக் குடும்பம். ஒரு நாள் இரண்டு பேரும் மறையூர் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

சேதி வந்தபோது சித்தப்பா கத்தவில்லை. போலீசுக்குப் போகவில்லை. பன்னிரண்டு ஏக்கர் தென்னந்தோப்புக்காரர், ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர். "எம் மக செத்துட்டா" என்று மட்டும் சொன்னார். எல்லா அப்பாக்களும் கோபத்தில் சொல்வதுதானே என்று நினைத்தோம். அவர் நிஜமாகவே சொல்லியிருக்கிறார். மறுநாள் பானை உடைத்தார், வாய்க்காலில் தலை முழுகினார், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார், நாள் குறித்து ஊரைக் கூப்பிட்டு இலை போட்டார்.

நாங்களும் போனோம். உட்கார்ந்தோம். சாப்பிட்டோம். உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணுக்கு இது என்ன அநியாயம் என்று ஒருத்தராவது கேட்டோமா? பக்கத்து இலைக்காரர் மோர் வரவில்லை என்று கேட்டார். அது மட்டும்தான் கேட்டது.

சரி, மறையூருக்கு வருகிறேன்.

வீட்டில் ஏதோ பலகாரம் செய்யப் போகிறார்கள். கடை வெல்லம் கூடாது, மறையூர் வெல்லமே வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறி, சின்னாறு செக்போஸ்ட் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். கரும்பாலைக் கொட்டகையில், பாகு இறங்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். எதிரில் ஒரு டீக்கடை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, போனைப் பார்த்தபடியே, "ஒரு டீ" என்றேன்.

"சக்கரை கம்மியாத்தானுங்ணா?"

மறையூர் டீக்கடையில் நம்ம ஊர் பேச்சு. அதுவும் என் சர்க்கரை அளவு தெரிந்த குரல்... நிமிர்ந்து பார்த்தேன். பூங்கொடி நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், காதோரம் ஒன்றிரண்டு நரை. மற்றபடி அதே முகம்.

நான் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன். அவள் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் பதினோரு வருஷமாக எங்கள் குடும்பத்தில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே இருந்து இருந்து, நானும் பாதி நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

"உக்காருங்க. ஓடிப் போயிராதீங்க. பேய்க்குத்தான் கால் இருக்காது, எனக்கு இருக்குது பாருங்க" என்றாள்.

டீயை வைத்தாள். எதிரிலேயே நின்றாள்.

"என்ற கருமாதிக்கு வந்தீங்களாமா?"

"வந்தேன்..."

"சாப்பாடு எப்புடிங்க?"

இந்தப் பத்தியில் வாராவாரம் உலகத்துக்கே புத்தி சொல்கிறவன் நான். அந்தக் கேள்வி வந்ததும் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். போஸ்டர்.

கண்ணீர் அஞ்சலி. பன்னிரண்டாம் வகுப்பு போட்டோ, இரட்டைச் சடை. அதன் கீழே தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி.

"மறைவுன்னு போட்டிருக்குதுங்களே, அது எங்க கல்யாண நாளுங்க. வருசா வருசம் அன்னிக்கு இதை எடுத்துப் பாப்பேன்."

பிறகு போஸ்டரின் கீழ்ப்பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். நாலு வரி இரங்கல் கவிதை.

"இது நீங்க எழுதுனதுதானுங்களே?"

"..."

"வரிக்கு வரி மூணு புள்ளி. நம்ம பக்கம் வேற ஆருங்க இத்தனை புள்ளி வெக்கறாங்க?"

ஆமாம், நான்தான் எழுதினேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை, இன்று உங்களிடம் சொல்கிறேன். சித்தப்பா வந்து, "நீதான எழுதறவன், நாலு வரி எழுதிக் குடு" என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அடிக்கவா போகிறார்? இருபது நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். எதுகை சரியாக வருகிறதா என்றுகூடப் பார்த்தேன். அந்த அளவுக்குக் கேவலமாக இருந்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், புரிந்துகொண்டார். நேரே வந்து கையைப் பிடித்தார்.

"வாங்க மச்சான். மச்சான்னு கூப்பிட்டா கோவப்படுவியளோன்னு பயந்துக்கிட்டேதான் கூப்பிடுதேன்."

செல்வின். மாட்டுப்பட்டிக்கும் மூணாறுக்கும் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார். எனக்கு ஒரு மச்சான் இருப்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. நானும் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம இவளுக்கு ஞானஸ்நானம். நம்ம சர்ச்லதான். வந்துட்டுப் போங்க மச்சான்" என்றார்.

"அது நடக்குமோ என்னமோ. அதுக்குள்ள ஊரக் கூட்டாதீங்க" என்றாள் பூங்கொடி.

"நான் ஒரு நாளும் இவள வான்னு கூப்பிட்டதில்ல. அவளா வரட்டும்னு விட்டுட்டேன். இப்பவும் அப்படித்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த டிரிப்புக்குக் கிளம்பிப் போனார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வாராவாரம் புருஷனோடு சர்ச்சுக்குப் போகிறாள். பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனால் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஒரே ஒரு வார்த்தையாலீங்ணா."

"என்ன வார்த்தை?"

"பிதா."

அவர்களுடைய முக்கியமான ஜெபமே கடவுளைப் பிதா என்று கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். இவள் அந்த வார்த்தை வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாளாம். மிச்சத்தையெல்லாம் சொல்வாளாம்.

"நமக்குச் சாமின்னா அம்மாதானுங்க. மாரியம்மா, காளியம்மா. அம்மான்னா வாயில தானா வருது. அப்பான்னு சொல்லப் போனா, எனக்குப் பானை உடையற சத்தம்தான் கேக்குது."

ஒரு தடவை, வெளியூரிலிருந்து வந்த பாஸ்டர் ஒருத்தர் பிரசங்கத்தில், "உங்களைப் பெற்ற அப்பா உங்கள் மேல் எவ்வளவு பாசம் வைத்திருக்கிறார், பரலோகத் தகப்பனும் அப்படித்தான்" என்றாராம். இவள் எழுந்து வெளியே போய், அன்றைக்குச் சர்ச் சாப்பாட்டுக்குச் சமைத்த அண்டாவை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினாளாம்.

"நல்ல மனுசனுங்க அவரு. ஆனா எங்கப்பா மாதிரி இன்னொருத்தரு மேல உக்காந்திருந்தா, நான் எங்கீங்க போறது? எங்கப்பா கருமாதி பண்ணிட்டு, ஒரு தடவ கொன்னுட்டு உட்டுட்டாரு. மேல இருக்கறவரு நித்தியமா இருக்கறவராச்சே."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பத்தி எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"இதுல என்னம்மா இருக்கு? நாமளும் 'அப்பனே முருகா'ங்கறோம். ஒரு மரியாதைக்குச் சொல்றதுதானே..." என்று அவிழ்த்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. டீயில் ஈ விழுந்தால் அப்படிப் பார்ப்பார்கள்.

"மரியாதைக்கில்லீங்ணா. இவிங்க சொல்றது உரிமைக்கு. அப்பன் ஊட்டுக்குள்ள மக கேட்டுட்டா போறா? அந்த மாதிரி. அதும் பெத்ததால வர்ற உரிமை இல்லீங்களாமா. அவரா எடுத்துக்கிட்டதால வர்றதாமா. நம்ம பக்கத்துல சுவீகாரம் எடுப்பாங்கல்ல, அப்புடி. பெத்தவன் வேண்டாம்னு சொல்லிப்போடலாமாமா. எடுத்துக்கிட்டவரு சொல்லவே மாட்டாராமா."

"நம்பறியா?"

"நம்போணும்னு ஆசையா இருக்குதுங்க. அதான் பிரச்சினை. ஆசைக்காகப் பொய் சொல்லக் கூடாது பாருங்க. ஞாயித்துக்கெழமை எல்லாரு முன்னாலயும் அந்த வார்த்தைய வாய் தொறந்து சொல்லோணும். வந்தாச் சொல்லுவேன். வரலீன்னா எறங்கி வந்துருவேன்னு பாஸ்டர்கிட்டயே சொல்லிப்போட்டேன்."

இன்னொன்றும் சொன்னாள். சர்ச்சில் அடிக்கடி சொல்லும் ஒரு கதை. இளைய மகன், அப்பா உயிரோடு இருக்கும்போதே தன் பாகத்தைப் பிரித்துக் கேட்கிறான். வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பட்டினியாகத் திரும்பி வருகிறான். தூரத்தில் அவன் தலையைப் பார்த்ததுமே அப்பா எழுந்து ஓடுகிறார். அவன் மன்னிப்பைச் சொல்லி முடிக்கும் முன்பே கட்டிக்கொள்கிறார்.

"அப்பன் இருக்கயில பாகம் கேட்டா என்னுங்க அர்த்தம்? நீ செத்துட்டன்னு அர்த்தம். அந்தக் கதையில பையந்தானுங்க அப்பனுக்குக் கருமாதி பண்றான். அப்பன் பண்ணல. எங்கூட்லதான் மாறிப்போச்சு."

நானும் அந்தக் கதையை எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறேன். திருந்திய மகன் கதை என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்குக் கருமாதி செய்த மகன் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. தோன்ற வேண்டுமானால் நமக்கு யாராவது கருமாதி செய்திருக்க வேண்டும் போல.

சித்தப்பா ஓடி வருவதை நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஓட மாட்டார்கள். தோப்பில் தீப்பிடித்தாலும் ஆளை ஓடச் சொல்லிவிட்டு, வேட்டி நுனியைப் பிடித்தபடி நடந்துதான் வருவார்கள்.

கொட்டகையில் வெல்லம் உருட்ட ஆரம்பித்திருந்தார்கள். கிளம்பலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் அவள் கேட்டாள், அடுப்பைத் துடைத்துக்கொண்டே, ஏதோ ஊரில் மழை உண்டா என்று கேட்கிற மாதிரி.

"அப்பா எப்புடி இருக்காருங்க?"

நல்லா இருக்கார் என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. அவளிடம் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டு நிற்பது எனக்கே பொறுக்கவில்லை. உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கருமாதி முடிந்த அடுத்த வருஷம். சித்தப்பா வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று. கிணற்று மோட்டார் புகைந்தது, சினை மாடு செத்தது, சித்திக்குக் காய்ச்சல் விடவே இல்லை. கோயிலில் குறி கேட்கப் போனார்கள். பூசாரி கேட்டாராம்: "உங்க ஊட்ல கன்னியாச் செத்துப்போன பொண்ணு இருக்குதா? அதுக்குப் படைச்சீங்களா?"

எங்கள் பக்கத்தில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குத் தெய்வம். வருஷத்துக்கு ஒரு தடவை புதுச் சேலை வைத்து, பொங்கல் வைத்துப் படைக்க வேண்டும். அந்தச் சேலையை யாரும் உடுத்தக் கூடாது. பெட்டியில் அப்படியே இருக்கும்.

சித்தப்பா என்ன சொல்ல முடியும்? மகள் சாகவில்லை என்று சொல்ல முடியாது, ஊருக்கே இலை போட்டாயிற்று. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றும் சொல்ல முடியாது, அந்தக் கல்யாணத்தைத்தான் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லையே. ஆகக் கணக்குப்படி அவள் கன்னியாகச் செத்தவள். தெய்வம்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஆடி மாதம் படையல் நடக்கிறது. பொள்ளாச்சிக்கு அவரே போவார். கடைக்காரப் பையன்கள் சேலையை விரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் இலைப் பச்சையில்தான் எடுப்பார். பூங்கொடிக்குப் பிடித்த நிறம். மர பீரோவின் கீழ்த் தட்டில் இதுவரைக்கும் பத்துச் சேலை இருக்கிறது.

போன ஆடிக்கு நான் போயிருந்தேன். படையல் முடிந்து எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். செருப்பு தேடிக்கொண்டிருந்த எனக்கு உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சித்தப்பா அந்தச் சேலைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். எழுபது வயது ஆள். தரையில் முகத்தை வைத்தபடி, "என்ன கொற வெச்சேன் அம்மணி? தப்பிருந்தாப் பொறுத்துக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்லி முடித்தேன். பூங்கொடி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். அடுப்பை அணைத்தாள்.

"எங்கப்பா... என்னையக் கும்புடறாரா?"

"ஆமா."

"பத்து வருசமாவா?"

"ஆமாம்மா."

அழுவாள் என்று நினைத்தேன். இல்லை. முகம் கருத்துப்போய்விட்டது. நான் பயந்தே போனேன்.

"இங்க நானு ஒரு அப்பாவக் கூப்புட முடியாம வாய மூடிட்டு நிக்கறேன். அங்க அவரு எனக்குக் கற்பூரம் காட்டறாரு. உசுரோட இருக்கற மககிட்ட ஒரு வார்த்த பேசறதுக்கு இந்த மனுசனுக்கு நானு செத்துத் தெய்வமாகோணுமா?" என்றாள். பிறகு, "போனப் போடுங்க" என்றாள்.

"பூங்கொடி, வேண்டாம்..."

"போடுங்கங்கறேனல்ல."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு கண்ணு, வெல்லம் வாங்கிட்டயா?"

நான் போனை அவள் பக்கம் நீட்டினேன். அவள் போனைப் பார்த்தாள். உதடு இரண்டு தடவை அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது.

"அப்பா."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆரு?"

"நாந்தானுங்கப்பா."

அப்புறம் அவர் பேசினார். அந்தக் குரலை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். தோப்புக்காரர் குரல் இல்லை. ஆடி மாதம் அந்த அறையில் தரையில் கிடந்தவரின் குரல்.

"என்ன கொற வெச்சேன் அம்மணி?"

அவர் கிறுக்குப் பிடித்துப் பேசவில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியும் அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று. ஆனால் பதினோரு வருஷமாக மகளிடம் பேச அவருக்கு வேறு பேச்சே கிடையாது. இருந்த ஒரே பேச்சைப் பேசினார்.

"ஒரு கொறையும் இல்லீங்க. எனக்குச் சேலை வேண்டாமுங்க. ஞாயித்துக்கெழமை எனக்கு ஞானஸ்நானமுங்க. நீங்க வரோணும்" என்றாள்.

போன் கட்டானது. அவர்தான் கட் செய்தார். திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் மறையூர் போனேன். வெல்லம் போதாது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத்தான். ஒரே வாரத்தில் இரண்டு தடவை எதற்கு வெல்லம் என்று என் மனைவி கேட்காமல் விட்டது எனக்கே ஆச்சரியம்.

தகரக் கூரை போட்ட சின்ன சர்ச். கடைசி பெஞ்சில் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். செல்வினும் பார்த்தார். பூங்கொடி ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சித்தப்பா வரவில்லை.

வெள்ளைச் சேலையில் முன்னால் போய் நின்றாள். பாஸ்டர் கேள்வி கேட்டார். பதில் சொன்னாள். தலையில் தண்ணீர் ஊற்றினார். அப்புறம் எல்லாரும் எழுந்து அந்த ஜெபத்தை ஆரம்பித்தார்கள்.

முதல் வார்த்தையில் அவள் குரல் இல்லை.

செல்வின் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் இரண்டாவது வரிக்குப் போய்விட்டார்கள். அப்போது அவள் சொன்னாள், தனியாக, பிந்தி, நன்றாகச் சத்தமாக. பிதாவே என்று. முன் பெஞ்சுக் குழந்தை ஒன்று திரும்பிப் பார்த்தது. பாஸ்டர் ஜெபத்தை நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை அவள் எல்லாரோடும் சேர்ந்து சொன்னாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சர்ச்சுக்காரனும் இல்லை, அன்றைக்கு மாறிவிடவும் இல்லை. ஆனாலும் கலங்கியது.

வெளியே பிரியாணி கொடுத்தார்கள். அவளிடம் கேட்டே விட்டேன்.

"எப்படிம்மா வந்தது? அப்பா வரலையே..."

"வராததாலதானுங்க வந்துச்சு" என்றாள். "இத்தனை வருசமா எங்கப்பாவ வெச்சு அவர அளந்துட்டு இருந்தேன். இந்த அப்பன் இப்புடின்னா, அந்த அப்பனும் இப்புடித்தான் இருப்பாருன்னு. அன்னிக்குப் போன்ல அந்தக் கொரலக் கேட்டனில்லீங்களா? எங்கப்பாவே பாவம் ஒரு கொழந்த மாதிரி எங்கிட்டக் கெஞ்சறாரு. அவரு கடவுள் இல்லீங்ணா. அவருக்கே ஒரு அப்பன் வேணும். அது தெரிஞ்சதும், அளவுகோலக் கீழ போட்டுட்டேன்."

எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன், எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். கடவுளை அப்பா என்று கூப்பிடுகிறவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. நம் அப்பாவைப் பெரிதாக்கி வானத்தில் வைப்பது இல்லை அது. எந்த அப்பாவும் முழு அப்பா இல்லை, எல்லாரும் பிள்ளைகள்தான் என்பது.

திங்கட்கிழமை காலையில் சித்தப்பா என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"போனயாட்ட இருக்குது."

"போனேனுங்க."

"என்ன கட்டியிருந்தா?"

"வெள்ளைச் சேலைங்க."

மனுஷன் ஆடிப்போய்விட்டார். கேட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். எங்களுக்கு வெள்ளை என்றால் வேறு அர்த்தம் அல்லவா?

"வெள்ளையா? ஏன், மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயில் மாப்பிள்ளை வந்துவிட்டது. மாப்பிள்ளை இருந்தால் அவள் கன்னி இல்லை. கன்னி இல்லை என்றால் படையல் எதற்கு? பால்காரர் வந்து, ஊற்றிவிட்டுப் போனார்.

"மாப்பிள்ளை நல்லா இருக்காருங்க. அவங்க வழக்கத்துல அன்னிக்கு வெள்ளை கட்டுவாங்க. அவ்வளவுதான்" என்றேன்.

தலையை ஆட்டினார். திரும்பி நாலடி நடந்தார். மறுபடி வந்தார்.

"ஊரக் கூட்டி எலை போட்டுச் சொல்லிப்போட்டேன் கண்ணு. இனி ஒவ்வொரு ஊட்டுக்காப் போயி, அவ சாகலீன்னு எப்புடிச் சொல்றது? எனக்கு வாய் வராது. நீ எழுதறவன்தான... எழுதிப்போடு."

"என்னன்னு எழுதட்டுங்க?"

"அவ இருக்கறான்னு."

இந்த வாரம் வேறு ஒரு விஷயம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வடகரப்பதியில் அன்றைக்கு என்னோடு இலையில் உட்கார்ந்த அத்தனை பேரும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: பூங்கொடி இருக்கிறாள். மறையூரில், புருஷனோடு, நன்றாக இருக்கிறாள். நான் எழுதிய நாலு வரி பொய்.

எழுதிவிட்டேன் சித்தப்பா. மறையூருக்கு பஸ் ஏறுவது என் வேலை இல்லை.